எடைக்காரியும் சமத்து நட்சத்திரமும்

"என் மருமக எடை போடற வேலை பாக்கறா" என்றுதான் மாமியார் எல்லாரிடமும் சொல்வார். கேட்டவர்கள் மளிகைக் கடையா, தபால் ஆபீசா என்று விசாரிப்பார்கள். "அதெல்லாம் இல்ல. கருந்துளையை எடை போடறா" என்பார். அதற்கு மேல் கேட்டால்தான் அவருக்குச் சங்கடம், ஏனென்றால் அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஒருமுறை மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டுக்காரி விடாமல், "எந்தத் தராசுல வெச்சும்மா போடறாங்க?" என்று கேட்டாள். மாமியார் கொஞ்சமும் அசராமல், "அதை வெளிய சொல்லக் கூடாதுன்னு அவங்க ஆபீஸ்ல உத்தரவு" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார்.

இப்படித்தான் அவளுக்கு எடைக்காரி என்ற பெயர் நிலைத்தது. பெயர் வைத்தவன் கணவன், பரப்பியவர் மாமியார்.

எடைக்காரி கல்லூரியில் இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு மகள். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் உட்கார வைப்பது அவள் வேலை. கடை முதலாளி, "இந்தப் பொண்ணு கை பட்டா லென்ஸ் பேசாம போய் உக்காந்துக்கும்" என்பார். அங்கேயே தலை நரைத்திருக்கும். மகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன வருஷம், கணவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, நான் மறுபடி படிக்கலாம்னு இருக்கேன்."

"படியேன். என்ன படிப்பு?"

"குவேசார்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு, "அது எந்தக் கம்பெனி? நான் கேள்விப்பட்டதே இல்லையே" என்றான்.

குவேசார் என்பது கம்பெனி இல்லை, வெகு தூரத்தில் இருக்கும் ஒரு விண்மீன் கூட்டத்தின் நடுவில் எரிகிற வெளிச்சம், அதற்குள்ளே ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது, அதன் எடையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை என்று அவள் விளக்கினாள். அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான். இயந்திரம் எதுவாக இருந்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

"எடை எப்படிப் போடுவே? பக்கத்துல போக முடியுமா?"

"பக்கத்துல போறதா? அங்கேருந்து இந்த வெளிச்சம் கிளம்பினப்ப நம்ம சூரியனே பிறக்கலை."

"அப்ப?"

"லிஃப்ட் குழியில கீழ நின்னு மேல பாத்துக் கத்துவீங்கல்ல? அந்தச் சத்தம் திரும்பி வர்றதை வெச்சே எத்தனை மாடின்னு சொல்லிடுவீங்களே."

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன்."

"அதேதான்."

கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் விழப்போகிற வாயு, விழுவதற்கு முன் சுற்றிச் சுற்றிச் சூடேறி எரிகிறது. அந்த வெளிச்சம் ஒரு நிலையில் நிற்காது. சில மாதம் கூடும், சில மாதம் குறையும், எப்போது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி வாயு மேகங்கள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் வெளிச்சம் கூடினால் மேகங்களும் கூடப் பளிச்சென்று ஆகும். ஆனால் உடனே ஆகாது. நடுவில் கிளம்பிய வெளிச்சம் அவை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே! அந்தத் தாமதத்தை அளந்தால் மேகங்கள் எவ்வளவு தள்ளி ஓடுகின்றன என்று தெரியும். அவற்றின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம். இத்தனை தள்ளி இத்தனை வேகத்தில் ஓடுகிறவர்கள் பிய்த்துக்கொண்டு போகாமல் இழுத்துப் பிடிக்க, நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்குப் போட்டால் எடை வந்துவிடும்.

"ஒரு கத்தல், ஒரு எதிரொலி. ஒரே நாள்ல முடிஞ்சிடுமே" என்றான் கணவன்.

"வருஷக்கணக்காகும்."

"அடேங்கப்பா, அவ்வளவு பெரிய குழியா!" என்று வியந்து, "சரி, போய்ச் சேரு எடைக்காரி" என்றான். அத்தோடு வீட்டில் அனுமதி கிடைத்துவிட்டது.

பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கொடுத்த அறை முன்பு நாற்காலி, மேசை போட்டு வைக்கும் இடமாக இருந்தது. ஒரு ஜன்னல், வெளியே சைக்கிள் நிறுத்துமிடம். இரண்டு கணினிகள், ஒரு மின்கெட்டில், கைப்பிடி உடைந்த இரண்டு கோப்பைகள். அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் அவளைவிட ஆறேழு வயது இளையவர். முதல் நாள் அவரை "சார்" என்று கூப்பிட்டாள். அவர் அவளை "அக்கா" என்று கூப்பிட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேருமே மாற்றிக்கொள்ளவில்லை. "சார், இது தப்பு சார்" என்று அவளும், "அக்கா, கொஞ்சம் பொறுமையா இருங்கக்கா" என்று அவரும் பேசுவதைக் கேட்டால், யார் யாருக்கு வழிகாட்டி என்று புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது.

இன்னொரு கணினியில் உட்கார்ந்திருந்தவனுக்கு நெட்டையன் என்று பெயர். கதவு நிலையில் தினம் ஒருமுறை தலையை இடித்துக்கொள்வான். அவனுக்கு வீட்டில் இரட்டைக் குழந்தைகள். பாதித் தூக்கம் ஆபீசில்தான். அவனும் ஒரு குவேசாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். எடைக்காரியின் குவேசார் விழும் அதே படத்தின் ஒரு மூலையில் மங்கலாக அவனுடையது இருந்தது. "ஒரே வீட்டுல பொண்ணு எடுத்த சகலைங்க மாதிரி நாம" என்பான்.

மலை மேலிருந்த தொலைநோக்கிகள் படங்களை அனுப்பும். அவற்றில் குவேசாரின் வெளிச்சத்தை அளப்பதுதான் அவளுடைய அன்றாட வேலை. மேகங்களின் பதில் வேறு ஒரு தொலைநோக்கியிலிருந்து, நிறம் பிரித்த படமாகத் தனியே வரும். நடு வெளிச்சம் கேட்கிற கேள்வி ஒரு பக்கம், மேகங்கள் சொல்கிற பதில் இன்னொரு பக்கம். வருஷத்தில் நாலைந்து மாதம் குவேசார் சூரியன் இருக்கும் திசைக்குப் போய்விடும். ஒன்றும் பார்க்க முடியாது. "தாய்வீட்டுக்குப் போயிருக்கா" என்பார்கள் அந்த அறையில். கிளம்பும் முன் கேட்ட கேள்விக்குப் பதில், திரும்பி வந்த பிறகுதான் கிடைக்கும். ஆகவே எத்தனை வருஷம் பார்க்கிறோமோ அத்தனை நல்லது.

மாமியார் அந்தக் குவேசாருக்குத் தூரத்துச் சொந்தம் என்று பெயர் வைத்துவிட்டார். சாயங்காலம் மருமகள் செருப்பைக் கழற்றும்போதே, "என்னவாம் தூரத்துச் சொந்தம்? முகம் தெளிஞ்சிருக்கா, வாடியிருக்கா?" என்று கேட்பார்.

வாடியிருக்கிறதா என்று சொல்வதில்தான் சூட்சுமம். ஒருநாள் வானத்தில் மெல்லிய மூட்டம் இருக்கும், எல்லாமே மங்கும். ஒருநாள் தொலைநோக்கிக் கண்ணாடியில் தூசி இருக்கும். அன்றும் எல்லாமே மங்கும். குவேசார் தானாக மங்கியதா, மூட்டத்தால் மங்கியதா என்று அதை மட்டும் பார்த்தால் தெரியாது. அக்கம்பக்கத்து நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும். அவையும் மங்கியிருந்தால் பழி மூட்டத்தின் மேல். அவை அப்படியே இருக்க இது மட்டும் மங்கியிருந்தால் சேதி உண்டு. அதற்காக நிலையான நட்சத்திரங்கள் ஆறைத் தேர்ந்தெடுத்து, அவற்றோடு ஒப்பிட்டே அளப்பார்கள்.

அந்த ஆறையும் தேர்ந்தெடுத்தது எடைக்காரிதான். அதில் ஒன்று நல்ல வெளிச்சம். குவேசாருக்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே நிறத்தில், எந்தப் படத்திலும் விளிம்பில் போய் ஒளியாமல், தெளிவாகப் பொட்டு வைத்தாற்போல் நின்றது. மற்ற ஐந்தும் மங்கல். ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. அதனால் கணக்கில் பாதிக்கு மேல் அந்த ஒன்றையே நம்பி இருந்தது. அதற்கு அவள் சமத்து என்று பெயர் வைத்தாள். படம் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். "வந்துட்டியா கண்ணு?" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்பதை நெட்டையன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். அவனும் தன் குவேசாரைச் சமத்தோடு ஒப்பிட்டுத்தான் அளந்தான்.

இப்படி வருஷங்கள் ஓடின. மகள் பள்ளியை முடித்தாள். எடைக்காரியின் படிப்புக்குக் கொடுத்த கெடு முடிந்தது. ஒருமுறை நீட்டினார்கள், இன்னொருமுறை நீட்டினார்கள். மூன்றாவது முறை, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழுவின் முன் வந்து கருந்துளையின் எடையைச் சொல்ல வேண்டும். சொன்னால் ஆய்வேட்டை எழுதலாம். சொல்லாவிட்டால் பதிவு ரத்து. கண்ணாடிக் கடை முதலாளி வழியில் பார்த்தபோது, "உன் நாற்காலி அப்படியேதாம்மா இருக்கு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் அதற்குப் பிறகு அவள் அந்தத் தெரு வழியே போவதை நிறுத்திவிட்டாள்.

கடைசிப் பருவத்துப் படங்களும் வந்து சேர்ந்த பிறகு, ஒரு காலைநேரம், கேள்வியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தாமதத்தைக் கணக்கிடும் நிரலை ஓட்டினாள். பேராசிரியர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நெட்டையன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தான். திரையில் எண் வந்தது.

மூவரும் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்கள்.

"அக்கா" என்றார் பேராசிரியர் மெதுவாக. "எண்ணுக்கு முன்னாடி ஒரு கோடு இருக்கே, அது தூசியா?"

"இல்ல சார். கழித்தல் குறி."

"அப்ப, நடுவுல வெளிச்சம் கூடறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மேகம் பளிச்சுன்னு ஆயிடுதா?"

"அப்படித்தான் வருது சார்."

"கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லுதா!"

"எங்க வீட்ல தினமும் நடக்குது சார்" என்றான் நெட்டையன். "நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி 'முடியாது'ன்னு வந்துடும்."

சிரித்தார்கள். எடைக்காரியும் சிரித்தாள். ஆனால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரொலி முந்தி வந்தால் தூரம் என்று ஒன்று இல்லை. தூரம் இல்லாவிட்டால் எடையும் இல்லை. இத்தனை வருஷம் பார்த்த வேலைக்குக் குழுவின் முன் நின்று, "எடை தெரியவில்லை" என்றா சொல்வது?

மறுநாளிலிருந்து தப்பைத் தேடினாள். நிரலில் தேடினாள், அதில் இல்லை. தேதிகளைச் சரிபார்த்தாள், எல்லாம் சரி. பிறகு அக்கம்பக்கத்து நட்சத்திரங்களின் மேல் சந்தேகம் வந்தது. மங்கலாயிருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகச் சமத்தோடு ஒப்பிட்டாள். முதலாவது, வருஷத்துக்கு வருஷம் துளித்துளியாக வெளிச்சம் கூடிக்கொண்டே போயிருந்தது. "அகப்பட்டுக்கிட்டியா?" என்றாள். இரண்டாவதும் கூடியிருந்தது. மூன்றாவதும், நான்காவதும், ஐந்தாவதும் அதே மாதிரி.

"சார், அஞ்சும் கெட்டது" என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். "நான் பாத்து எடுத்ததுதான். என்னமோ அஞ்சுமே சரியில்ல. தூக்கிப் போட்டுடறேன்."

பேராசிரியர் அன்று வேறொரு கூட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார். "போடுங்கக்கா, போட்டுட்டு என்ன வருதுன்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

ஐந்தையும் தூக்கிப் போட்டுவிட்டுச் சமத்து ஒன்றை மட்டும் நம்பி மறுபடி அளந்து, நிரலை ஓட்டினாள். இப்போது பதில் கேள்விக்கு நாலு மாதம் முன்னால் வந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவளிடம் மாமியார் தூரத்துச் சொந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, டீயை மட்டும் கொண்டுவந்து வைத்தார். கணவன் வேலை உடுப்பில் கிரீஸ் கறையோடு தரையில் உட்கார்ந்து செருப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். மகள் ஜன்னல் ஓரத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். எடைக்காரி தானாகவே கொட்ட ஆரம்பித்தாள்.

"அஞ்சு நட்சத்திரமும் ஏமாத்திடுச்சுங்க. ஒண்ணு ரெண்டுன்னா பரவாயில்ல. அஞ்சும். சமத்து ஒண்ணுதான் ஒழுங்கு."

"அஞ்சும் என்ன பண்ணுச்சு?"

"வெளிச்சம் கூடிக்கிட்டே போகுது."

"ஒண்ணு அதிகமா, ஒண்ணு கம்மியாவா?"

"இல்ல. அஞ்சும் ஒரே அளவு."

கணவன் ஒட்டுப் போடுவதை நிறுத்தினான். "ஒரே அளவா? அஞ்சு பேரு தனித்தனியா வந்து ஒரே பொய்யைச் சொல்றாங்கன்னா..."

அவன் முடிக்கவில்லை. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லம்மா. இவன் படிக்கறப்ப கணக்கு வாத்தியார் வந்து சொன்னாரு, இவன் வகுப்புக்கு வர்றதில்லன்னு. அப்புறம் அறிவியல் டீச்சர். அப்புறம் விளையாட்டு மாஸ்டர். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர். கடைசியா வாட்ச்மேனும் வந்து சொன்னாரு. நான் அவ்வளவு பேரையும் வாசல்லயே நிக்க வெச்சுச் சண்டை போட்டு அனுப்பினேன். ஊரே சேந்து எம்பிள்ளை மேல பொறாமைல பொய் சொல்லுதுன்னு நினைச்சேன்."

"அப்புறம் என்னாச்சு பாட்டி?" என்றாள் மகள்.

"அப்புறம் என்ன, சினிமாக் கொட்டகை வாசல்ல நானே புடிச்சேன்."

"அம்மா, அதை ஏன் இப்ப..." என்றான் கணவன், செருப்பைப் பார்த்துக்கொண்டே.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சும்மா" என்றார் மாமியார் மருமகளிடம். "அந்தச் சமத்தைக் கொஞ்சம் விசாரி."

எடைக்காரி டீயைக் குடித்து முடித்தாள். உண்மையில் விசாரிக்க எதுவும் இல்லை. ஐந்தும் கூடவில்லை, சமத்து குறைந்துகொண்டு வந்திருக்கிறது. குறைகிறவனோடு நின்று உயரம் பார்த்தால் யாரும் வளர்ந்த மாதிரிதான் தெரியும். தூரத்துச் சொந்தமும் அப்படித்தான் வருஷா வருஷம் கூடுவதுபோல் தெரிந்திருக்கிறது. அந்தப் போலி ஏற்றம் அதன் மேடுகளையெல்லாம் பிந்தைய தேதிக்குத் தள்ளிவிட்டது. கேள்வி பிந்திப் போனதால்தான் பதில் முந்தி வந்ததுபோல் ஆயிற்று. சமத்தை மட்டும் நம்பியபோது தப்பு இன்னும் கூடியதற்கும் அதுவே காரணம். எல்லாம் காலையிலேயே திரையில் இருந்தது. அவள்தான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அப்படியும் இரண்டு நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மற்ற ஐந்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாள். ஐந்தும் கல்லாட்டம் நின்றன. சமத்தை அவற்றோடு ஒப்பிட்டாள். சரிவில் இறங்குகிற வண்டிபோல் அது நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. துளிதான், ஒரு வருஷத்துப் படங்களை வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. அவள் தேர்ந்தெடுத்தபோது ஒரு வருஷத்துப் படங்கள்தான் கையில் இருந்தன.

மூன்றாம் நாள் பேராசிரியரிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "அக்கா, இது நல்ல சேதிக்கா" என்றார். "ஏன் தப்புன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சிடுச்சு."

நெட்டையனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவன் தன் முடிவுகளை எழுதி ஒரு ஆய்விதழுக்கு அப்போதுதான் அனுப்பியிருந்தான்.

"தம்பி, சமத்து சரியில்ல."

"உடம்புக்கா?" என்றான் அவன் பாதித் தூக்கத்தில்.

"விளையாடாதீங்க. குறைஞ்சுக்கிட்டே வருது. உங்க கணக்கும் போச்சு."

அவன் எழுந்தான். கதவு நிலை இல்லாத இடத்தில்கூடத் தலை இடித்தவன்போல நெற்றியைத் தடவிக்கொண்டான். சரிகிற கோட்டைத் திரையில் வெகுநேரம் பார்த்தான். "ஊர்ல எல்லாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாத்துத்தான் கெட்டுப் போவாங்க. நாம பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைப் பாத்துக் கெட்டுப் போயிட்டோமே அக்கா."

"கோபமா இருக்கா?"

"இருக்கு. ஆனா கோபப்பட்டா தூக்கம் கெட்டுடும்." நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "இதழுக்கு நிறுத்தி வைக்கச் சொல்லி எழுதிடறேன். முதல்ல உங்க தூரத்துச் சொந்தம். உங்களுக்குத்தான் கெடு. எத்தனை நட்சத்திரம் வேணும்?"

சமத்துக்கு ஈடாக ஒரு பெரிய நட்சத்திரம் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆகவே சின்னது சின்னதாக ஒரு கூட்டத்தையே சேர்க்க வேண்டியிருந்தது. பழைய படங்கள் பரப்பில் சிறியவை. பாதி நட்சத்திரங்கள் விளிம்புக்கு வெளியே விழுந்துவிட்டன. ஒவ்வொரு படத்திலும் எவை உள்ளே, எவை வெளியே, எதன் மேல் கீறல் என்று கண்ணால் பார்த்தே சொல்ல வேண்டும். அவள் பார்த்துச் சொல்ல, அவன் தட்டினான். அவனுக்குக் கண் சொருகும்போது அவள் தட்டினாள். மதியத்தில் ரொட்டியும் டீயும் மேசைக்கே வந்தன. பேராசிரியர் வந்து எட்டிப் பார்த்து, இரண்டு பேரும் "சார், போங்க சார்" என்றதும் போய்விடுவார். புதிதாகச் சேர்த்த நட்சத்திரங்கள் எதற்கும் அவள் பெயர் வைக்கவில்லை. "ஏன் அக்கா, ஒண்ணுக்காவது?" என்று கேட்டான் நெட்டையன். "பெயர் வெச்சா பாசம் வந்துடும்" என்றாள்.

குழு கூடுவதற்கு முந்தின வாரம் அந்த வேலை முடிந்தது. நிரலை ஓட்டினாள். இந்த முறை எண்ணுக்கு முன்னால் கோடு இல்லை. மேகம் ஏழு மாதம் கழித்துப் பதில் சொல்லியிருந்தது. அந்த வெளிச்சம் வந்த நெடுவழியில் வானமே விரிந்ததால் காலமும் கூடவே நீண்டுவிட்டது. அதைச் சரிசெய்தால் அங்கே நடந்தது மூன்று மாதத்துக்கும் குறைவு. அதிலிருந்து எடை வந்தது: முப்பது கோடி சூரியன். இதற்கு முன்னால் வேறு சிலர் ஒரே ஒரு படத்தை வைத்து, எண்பது கோடி இருக்கலாம் என்று மதிப்புப் போட்டிருந்தார்கள்.

"பாதிக்கு மேல இளைச்சுட்டா" என்றான் நெட்டையன்.

"இளைக்கல. முதல்ல போட்டவங்க துணிமணியோட போட்டுட்டாங்க" என்றாள் எடைக்காரி. அப்படிச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்த சிரிப்பு அதுதான் என்று நெட்டையன் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

குழு நாளன்று அந்தப் பெரிய அறையில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு வயதான அம்மாள். அவருடைய மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. எழுந்து போய் அதன் காதுக்கம்பியைக் கொஞ்சம் வளைத்து விட்டால் சரியாகிவிடும் என்று எடைக்காரியின் விரல் துறுதுறுத்தது. அந்தத் துறுதுறுப்பில் பயம் கொஞ்சம் மறந்தது. படங்களைக் காட்டினாள், கேள்வியைக் காட்டினாள், பதிலைக் காட்டினாள், எடையைச் சொன்னாள்.

"எவ்வளவு நிச்சயம்?" என்றார் ஒருவர்.

"இருபது கோடிக்கும் நாப்பத்தஞ்சு கோடிக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு சார். அதுக்கு மேல சொல்றதுக்கு இன்னும் சில வருஷம் பாக்கணும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்.

"ஒப்பிட்ட நட்சத்திரங்களைக் கடைசி நேரத்துல மாத்தியிருக்கீங்க" என்றார் தலைவர். "நல்ல விடை வர்ற வரைக்கும் மாத்தினீங்களா?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த பேராசிரியர் நாற்காலியில் நிமிர்ந்தார். எடைக்காரி எதிரே இருந்த டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடித்தாள். பிறகு கடைசிப் படத்துக்குப் பின்னால் தனியாக வைத்திருந்த ஒன்றைத் திரையில் போட்டாள். சமத்து வருஷா வருஷம் இறங்கிய கோடு அது. ஐந்து நட்சத்திரங்களையும் தப்பு என்று தூக்கிப் போட்டதையும், நாலு மாதம் முந்தி வந்த பதிலையும் அடுத்தடுத்துக் காட்டினாள்.

"இது நான் தேர்ந்தெடுத்த நட்சத்திரம்மா. ரொம்ப நம்பினேன். மத்த அஞ்சும் இது தப்புன்னு சொல்லுச்சு. நான் அந்த அஞ்சையும் வெளிய அனுப்பிட்டேன்."

தலைவர் இறங்கிய கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "தப்பு இதுலதான்னு கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கற நேரம். ஒத்துக்கறதுக்குத்தான் ரெண்டு நாள் ஆயிடுச்சு."

முதலில் சிரித்தது தலைவர்தான். பிறகு மற்ற இரண்டு பேரும். "எனக்கெல்லாம் வருஷம் ஆகியிருக்கு" என்றார் அவர். அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

நடைகூடத்தில் நெட்டையன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தான். கதவு திறந்த சத்தத்தில் விழித்து, "என்ன சொன்னாங்க?" என்றான். "சிரிச்சாங்க" என்றாள். "எந்தச் சிரிப்பு?" என்று கேட்டான். அது அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்புகளைப் படித்தார்கள். படித்ததையே மறுபடி படித்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு பேராசிரியர் வந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. "அக்கா, உள்ள வந்து கையெழுத்துப் போடுங்கக்கா. ஆய்வேட்டை எழுதச் சொல்லிட்டாங்க. அந்தச் சமத்து படத்தையும் அதுல கட்டாயம் சேக்கணுமாம். மத்தவங்க பாத்துத் தெரிஞ்சுக்கணும்னாங்க."

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். மாமியார்தான் எடுத்தார்.

"அத்தை, ஒத்துக்கிட்டாங்க."

"அப்படியா! நல்லா இரு, நல்லா இரு. எடை எவ்வளவுன்னு சொன்னே?"

"முப்பது கோடி சூரியன் அத்தை."

"சரியா முப்பதா?"

"சரியா இல்ல. இருபதுலேருந்து நாப்பத்தஞ்சுக்குள்ள."

மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, இருபதுக்கும் நாப்பத்தஞ்சுக்கும் நடுவுலன்னு எந்தக் கடைக்காரனாவது சொன்னா சும்மா விடுவோமா? அதுக்கா இத்தனை வருஷம்?"

"அதுக்குத்தான் அத்தை."

"சரி, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னா நமக்கென்ன. வெளிய கேட்டா நான் முப்பதுன்னுதான் சொல்வேன்."

போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்த நெட்டையன் தன் கணினியில் படங்களைத் திறந்து, மூலையில் மங்கலாக நிற்கும் தன் குவேசாரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். பழைய அளவுகள் எல்லாவற்றையும் அழித்திருந்தான். எடைக்காரி கெட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டாள். இரண்டு கோப்பைகளையும் கழுவி வைத்தாள். தன் நாற்காலியை அவன் மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எங்கே தம்பி, உங்க வீட்டுப் பொண்ணைக் காட்டுங்க" என்றாள்.